லிஸ்ட் ஸ்க்ரோல் திக்குவதற்குக் காரணம் நகலா, அளவீடா?

கற்றளி:
வண்ணம், தடிமன், லிங்க் எல்லாம் போட்ட எழுத்து வந்தால் ரீசைக்ளர்வியூ (ஆண்ட்ராய்டில் நீண்ட லிஸ்ட் காட்டும் கூறு) ஸ்க்ரோல் திக்குகிறது என்று புதியவர் ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு மின்விசிறி கொடுத்த பதில் இது: "செட்டெக்ஸ்ட் கூப்பிடும்போதெல்லாம் டெக்ஸ்ட்வியூ உங்கள் ஸ்பேனபிளை நகல் எடுக்கிறது. அந்த நகலை நிறுத்துங்கள், லிஸ்ட் வழுக்கிக்கொண்டு போகும். மற்றதெல்லாம் வீண்வேலை."

(டெக்ஸ்ட்வியூ என்பது திரையில் எழுத்தைக் காட்டும் கூறு, செட்டெக்ஸ்ட் அதற்கு எழுத்தைக் கொடுக்கும் மெத்தட், ஸ்பேனபிள் என்பது வண்ணம், தடிமன் போன்ற ஸ்பேன் குறிகளைச் சுமக்கும் எழுத்து.) படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அந்த நகலில் என்னதான் நடக்கிறது என்று ஒருமுறையாவது சோர்ஸைத் திறந்து பார்த்தாரா? ஸ்பேன் ஆப்ஜெக்ட்கள் நகலாவதில்லை, அவற்றுக்கான ரெஃபரன்ஸ்கள் (அவை இருக்கும் இடத்தைச் சுட்டுபவை) மட்டும் இன்னொரு அர்ரேக்குப் போகின்றன. மூலம் ஸ்பேனபிள்ஸ்ட்ரிங் (எழுத்து மாறாது, ஸ்பேன் மட்டும் மாறும் வகை) என்றால் உள்ளே இருக்கும் ஸ்ட்ரிங்கூட புதிதாக உருவாவதில்லை. ஸ்பேனபிள்ஸ்ட்ரிங்பில்டர் (எழுத்தும் மாறும் வகை) என்றால்தான் புது ஸ்ட்ரிங்.

நேரத்தைத் தின்பது அளவீடு. எழுத்தைச் சொல்லாக உடைத்து, மினிகின் (ஆண்ட்ராய்டின் எழுத்து அமைப்பு லைப்ரரி) வழியாக ஹார்ஃப்பஸ் என்ற உருவமைப்பு லைப்ரரியிடம் கொடுத்து உருவமைத்து, அகலம் கூட்டி, எங்கே வரி உடைப்பது என்று தீர்மானிக்கும் வேலை. அத்தனையும் திரையைக் கவனிக்கும் மெயின் த்ரெட்டில். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்கு 16.67 மில்லி செகண்ட்தான், 120 ஹெர்ட்ஸ் என்றால் 8.33. இதை விட்டுவிட்டு நகலைத் துரத்தச் சொல்லிப் புதியவர்களை ஏன் கெடுக்கிறீர்கள்?

மின்விசிறி:
என் பெயரைப் போட்டே தொடங்கிவிட்டீர்கள், சந்தோஷம். நான் கற்பனையில் சொல்லவில்லை. ஸ்பேனபிள்.ஃபேக்டரியை (நகலை உருவாக்க டெக்ஸ்ட்வியூ கூப்பிடும் கிளாஸ்) எடுத்து, நியூஸ்பேனபிள் மெத்தடில் வந்த ஆப்ஜெக்டையே திருப்பிக் கொடுத்தால் நகல் நின்றுவிடும். வியூஹோல்டர் (லிஸ்ட்டின் ஒரு வரிக்கான வியூவை வைத்திருப்பது) உருவாகும்போது ஒரே ஒரு தடவை செட் செய்தால் போதும். ஆண்ட்ராய்டின் அதிகாரபூர்வ ஆவணத்தில், ஸ்பேன் பற்றிய பக்கத்திலேயே இந்த ஆலோசனை இருக்கிறது. கூகுள் எழுதியதும் தப்பு, நீங்கள் சொல்வது மட்டும் சரியா?

என் ஆப்பில் இதைச் செய்தேன், திக்கல் போனது. வேறென்ன ஆதாரம் வேண்டும்?

கற்றளி:
ஆவணத்தை முழுதாகப் படியுங்கள். அந்த ஃபேக்டரி எப்போது கூப்பிடப்படும்? பஃபர்டைப்.ஸ்பேனபிள் (ஸ்பேனைப் பிறகு மாற்றலாம் என்ற குறிப்பு) என்று சொல்லி செட்டெக்ஸ்ட் செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் வியூவில் மூவ்மென்ட்மெத்தட் (லிங்க்கைத் தொட்டால் வேலை செய்ய வைப்பது போன்றது) இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் எழுத்து மாற்ற முடியாத ஸ்பேன்ட்ஸ்ட்ரிங்காக மாறிவிடும், உங்கள் ஃபேக்டரியை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அதைவிட மோசம் இது. பஃபர்டைப்.ஸ்பேனபிள் கொடுத்த உடனே டெக்ஸ்ட்வியூ டைனமிக்லேஅவுட்டுக்குத் தாவுகிறது. மாறக்கூடிய எழுத்துக்கான லேஅவுட் அது. ஒருமுறை காட்டிவிட்டு அப்படியே இருக்கப்போகும் வரிக்கு ஸ்டாட்டிக்லேஅவுட் போதும், ஸ்பேனே இல்லாத ஒற்றை வரிக்கு போரிங்லேஅவுட் போதும். சின்ன நகலை மிச்சம் பிடிக்கப் போய்ப் பெரிய செலவை வாங்கியிருக்கிறீர்கள்.

மின்விசிறி:
லிங்க் இல்லாத சாட் லிஸ்ட் எங்கே இருக்கிறது? லிங்க்மூவ்மென்ட்மெத்தட் போட்டாலே ஃபேக்டரி கூப்பிடப்படும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்போது ஒவ்வொரு பைண்டுக்கும் (லிஸ்ட்டின் ஒரு வரியில் டேட்டாவைப் போடுவது) ஒரு நகல். விரலை வேகமாக இழுத்தால் எத்தனை பைண்ட்? எத்தனை நகல்? அந்தக் குப்பையை எல்லாம் யார் அள்ளுவது? கார்பேஜ் கலெக்டர்தானே?

செவ்வந்தி:
இரண்டு பேரும் சண்டை போடுவதற்கு முன்னால் அந்தப் புதியவரின் கோடைப் பார்த்தீர்களா? ஒவ்வொரு பைண்டுக்கும் ஓடும் ஆன்பைண்ட்வியூஹோல்டருக்குள்ளேயே எச்டிஎம்எல்.ஃப்ரம்எச்டிஎம்எல் (எச்டிஎம்எல்லை ஸ்பேன் போட்ட எழுத்தாக மாற்றுவது) கூப்பிடுகிறார். ஒவ்வொரு வரி திரைக்கு வரும்போதும் டேக்சூப் என்ற எச்டிஎம்எல் பார்சர் மெயின் த்ரெட்டில் ஓடுகிறது. அதை டேட்டா வரும் இடத்திலேயே பேக்ரவுண்டில் ஒருமுறை செய்து, முடிவை மாடலோடு சேர்த்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். நகலும் வேண்டாம், அளவீடும் வேண்டாம், முதலில் இதைச் சொல்லுங்கள்.

கற்றளி:
அது தெரிந்த விஷயம். இங்கே பேச்சு நகலைப் பற்றியது.

மின்விசிறி:
ஆமாம், நகலைப் பற்றித்தான். எச்டிஎம்எல் பார்சிங்கை வெளியே எடுத்த பிறகும் நகல் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

செவ்வந்தி:
நல்லது. கேட்டவர் இன்னும் பதிலுக்காகக் காத்திருக்கிறார், நீங்கள் தொடருங்கள்.

கண்ணாடிப்பேழை:
ஐஓஎஸ் பக்கம் இந்தத் தொல்லையே இல்லை. யூஐலேபலுக்கு (அங்கே எழுத்து காட்டும் கூறு) அட்ரிபியூட்டட்ஸ்ட்ரிங் (வண்ணம், தடிமன் சேர்த்த எழுத்து) கொடுத்தோமா, வேலை முடிந்ததா என்று இருக்கும். ஆண்ட்ராய்டில் ஒரு வரி எழுத்து காட்ட மூன்று வகை லேஅவுட், நான்கு வகை ஸ்ட்ரிங்.

கற்றளி:
தொல்லை இல்லையா? என்எஸ்அட்ரிபியூட்டட்ஸ்ட்ரிங்கை எச்டிஎம்எல்லில் இருந்து உருவாக்கினால் உள்ளே வெப்கிட் என்ற பிரவுசர் எஞ்சின் ஓடுகிறது. அதை பேக்ரவுண்ட் த்ரெட்டில் கூப்பிடாதே என்று ஆப்பிள் ஆவணமே எச்சரிக்கிறது. செல் (லிஸ்ட்டின் ஒரு வரி) உருவாகும்போது அதைக் கூப்பிட்டுப் பாருங்கள், லிஸ்ட் எப்படி நிற்கிறது என்று தெரியும். மெயின் த்ரெட்டில் எழுத்தை அளப்பது தாங்காமல்தானே ஃபேஸ்புக் 2014இல் ஏசிங்க்டிஸ்ப்ளேகிட் வெளியிட்டது? இன்று டெக்ஸ்சர் என்ற பெயரில் இருப்பது அதுதான். ஐஓஎஸ் ஆட்களுக்குத் தொல்லை இல்லை என்றால் அந்த லைப்ரரி எதற்குப் பிறந்தது?

கண்ணாடிப்பேழை:
எச்டிஎம்எல் இம்போர்ட்டை யார் செல்லுக்குள் கூப்பிடுவார்? தெரியாதவர்கள் செய்வதை வைத்து ஒரு பிளாட்பாரத்தையே எடைபோடுவது உங்கள் பழைய பழக்கம். ஆப்பிளின் ஸ்விஃப்ட்யூஐ பற்றிய விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள், அப்போதும் கடைசிவரை பதில் சொல்லவில்லை.

கற்றளி:
அதற்கு அங்கேயே பதில் சொல்லியாயிற்று. படிக்காதது என் குற்றமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பேன் என்றாலே ஒரே செலவு என்ற மாதிரி மின்விசிறி பேசுகிறார், அது தவறு. ஃபோர்கிரவுண்ட்கலர்ஸ்பேன், பேக்கிரவுண்ட்கலர்ஸ்பேன், அண்டர்லைன்ஸ்பேன் எல்லாம் வரையும்போது மட்டும் வேலை செய்பவை. ஸ்டைல்ஸ்பேன், ரிலேட்டிவ்சைஸ்ஸ்பேன், டைப்ஃபேஸ்ஸ்பேன் மெட்ரிக்அஃபெக்டிங்ஸ்பேன் வகை. அவை எழுத்தின் அகலத்தையே மாற்றுகின்றன. அதனால் அப்படி ஒரு ஸ்பேன் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் எழுத்துத் தொடர் துண்டாகி, ஒவ்வொரு துண்டும் தனியாக அளக்கப்படும். ஒரு பத்தியில் பெயருக்குப் பெயர் போல்ட் போட்டுவிட்டு நகலைக் குறை சொல்வது நியாயமே இல்லை. நிறத்தால் காட்ட முடிந்ததை நிறத்தால் காட்டுங்கள்.

அப்புறம் பிரேக்ஸ்ட்ராட்டஜி, அதாவது வரியை எப்படி உடைப்பது என்ற அமைப்பு. டெக்ஸ்ட்வியூவில் அது இயல்பாகவே ஹைகுவாலிட்டி. முழுப் பத்தியையும் பார்த்து வரிகளைச் சமன் செய்யும். சாட் வரிக்கு அது எதற்கு? சிம்பிள் போதும். ஹைபனேஷனும் (வரி முடிவில் சொல்லைக் கோடு போட்டு உடைப்பது) அப்படித்தான். செலவு அதிகம் என்பதால்தான் ஆண்ட்ராய்டு 10இல் அதை இயல்பாகவே அணைத்து வைத்தார்கள். பழைய போன்களில் அணைந்திருக்கிறதா என்று நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு வரியை லேஅவுட் ஃபைலில் சேர்க்க எந்த ஃபேக்டரியும் வேண்டாம்.

மின்விசிறி:
இவ்வளவு நீளமாக எழுதினீர்கள், நகல் நடக்கவில்லை என்று மட்டும் ஓரிடத்திலும் சொல்ல முடியவில்லை. நடக்கிறது. ஒவ்வொரு பைண்டுக்கும் நடக்கிறது. அதை நிறுத்த முடியும். அவ்வளவுதான் நான் சொன்னது.

கற்றளி:
அவ்வளவுதான் சொன்னீர்களா? "மற்றதெல்லாம் வீண்வேலை" என்று எழுதியது யார், தம்பி?

மின்விசிறி:
தம்பியா? என் வயது உங்களுக்குத் தெரியுமா? ஜிஞ்சர்பிரெட் (ஆண்ட்ராய்டு 2.3) காலத்தில் லிஸ்ட்வியூவில் கன்வர்ட்வியூவைக் கையால் மறுபயன்பாடு செய்து ஆப் எழுதியவன் நான். மரியாதையாகப் பேசினால் பேசலாம்.

வெள்ளெருக்கு:
தம்பி என்று கூப்பிடுவது அவமரியாதை இல்லையே.

மின்விசிறி:
அது சொல்கிற தொனியைப் பொறுத்தது. அவர் என்ன தொனியில் சொன்னார் என்று எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளெருக்கு:
சரி, அது போகட்டும். நீங்கள் திக்கல் போனது என்று சொன்னது டீபக் பில்டிலா (சோதனைக்கானது), ரிலீஸ் பில்டிலா (பயனருக்குப் போவது)? டீபக்கில் எதை எடுத்தாலும் மெதுவாகத்தான் தெரியும். மேக்ரோபெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனை ஓட்டினீர்களா, பெர்ஃபெட்டோ என்ற ட்ரேஸ் கருவியில் பார்த்தீர்களா, இல்லை கண்ணால் பார்த்துச் சொல்கிறீர்களா?

மின்விசிறி:
பயனர்களும் கண்ணால்தான் பார்க்கிறார்கள்.

கற்றளி:
இதற்குமேல் நான் என்ன சொல்ல! திக்கல் என்றால் தவறிய ஃப்ரேமா, தாமதமான பைண்டா, முதல் வரி தோன்றும் நேரமா என்றுகூடச் சொல்லாமல் "போனது" என்கிறார்.

முறையான தீர்வு ப்ரீகம்ப்யூட்டட்டெக்ஸ்ட். ஆண்ட்ராய்டு 9இல் வந்தது, பழைய பதிப்புகளுக்கு ஆண்ட்ராய்டுஎக்ஸ் லைப்ரரியில் காம்பேட் வடிவம் இருக்கிறது. பேக்ரவுண்ட் த்ரெட்டில் எழுத்தை அளந்து முடித்து, முடிவை அப்படியே டெக்ஸ்ட்வியூவிடம் கொடுக்கலாம். ஆப்காம்பேட்டெக்ஸ்ட்வியூவில் செட்டெக்ஸ்ட்ஃப்யூச்சர் இருக்கிறது, பிறகு வரப்போகும் முடிவை (ஃப்யூச்சர்) வாங்கிக்கொள்ளும் மெத்தட் அது. ரீசைக்ளர்வியூ அடுத்த வரியை முன்கூட்டியே பைண்ட் செய்யும், அந்த பைண்டுக்கும் மெஷருக்கும் (வியூ தன் அளவைக் கணக்கிடும் கட்டம்) நடுவே கிடைக்கும் நேரத்தில் அளவீடு முடிந்துவிடும்.

மின்விசிறி:
முடியவில்லை என்றால்? அந்த ஃப்யூச்சர் முடியும்வரை மெஷரில் மெயின் த்ரெட் காத்துக்கொண்டு நிற்கும். அதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? எழுத்தின் அளவோ ஃபான்ட்டோ வியூவின் பேராமீட்டரோடு பொருந்தவில்லை என்றால் இல்லீகல்ஆர்கியூமென்ட்எக்ஸெப்ஷன் வந்து ஆப் விழும். அதையும் சொல்லவில்லை. தேடிய சொல்லைத் தடித்துக் காட்டலாம் என்று அதன்மேல் ஸ்டைல்ஸ்பேன் போட்டாலும் அதே எக்ஸெப்ஷன். என் ஃபேக்டரி ஒருபோதும் யார் ஆப்பையும் விழவைத்ததில்லை.

கற்றளி:
அளந்து வைத்த எழுத்தின் அளவை மாற்றினால் எக்ஸெப்ஷன் வரத்தான் வேண்டும். தேடிய சொல்லுக்குப் பின்னணி நிறம் போடுங்கள், ஒன்றும் ஆகாது. பேராமீட்டரை அந்த வியூவிடமே கேட்டு வாங்கலாம், அதற்கென்றே மெத்தட் இருக்கிறது.

உங்கள் ஃபேக்டரி விழவைக்காது, உண்மை. சத்தமில்லாமல் தப்பாகக் காட்டும். ஒரே ஸ்பேனபிளை இரண்டு வியூவுக்குக் கொடுத்துப் பாருங்கள், பெரிய திரையில் லிஸ்ட்டும் விவரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்குமே, அந்த மாதிரி. இரண்டாவது வியூ செட்டெக்ஸ்ட் செய்யும்போது முதல் வியூ வைத்த சேஞ்ச்வாட்சரை (ஸ்பேன் மாறினால் தகவல் சொல்வது) கழற்றி எறிந்துவிடும். பிறகு ஸ்பேனை மாற்றினால் முதல் வியூவுக்குச் செய்தியே போகாது, பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். நகல் எடுப்பது எதற்கு என்று இப்போதாவது புரிகிறதா?

இன்னொன்று. ப்ரீகம்ப்யூட்டட்டெக்ஸ்ட் வந்தால் செட்டெக்ஸ்ட் உங்கள் ஃபேக்டரி இருக்கும் கிளைக்கே போவதில்லை, அதற்கு முன்னாலேயே பிரிந்துவிடுகிறது. லிங்க்மூவ்மென்ட்மெத்தட் இருந்தாலும் நகல் கிடையாது. டைனமிக்லேஅவுட்டும் கிடையாது.

மின்விசிறி:
இதை எல்லோரும் கவனியுங்கள். நகல் கிடையாது என்று அவரே எழுதிவிட்டார். நகல் இல்லாததால்தான் அது வேகம். நான் முதலிலிருந்து சொன்னதும் அதுதான்.

கற்றளி:
நகல் இல்லாததால் இல்லை. அளவீடு வேறு த்ரெட்டுக்குப் போனதால்.

மின்விசிறி:
நகலும் போனது இல்லையா?

கற்றளி:
போனது. ஆனால் அதனால் வேகம் வரவில்லை.

மின்விசிறி:
எப்படித் தெரியும்? நகலை மட்டும் வைத்துக்கொண்டு தனியாக அளந்து பார்த்தீர்களா? வெள்ளெருக்கு, இந்தக் கேள்வியை அவரிடமும் கேளுங்கள், என்னிடம் மட்டும் பெர்ஃபெட்டோ கேட்காதீர்கள்.

வெள்ளெருக்கு:
நியாயமான கேள்விதான். கற்றளி, உங்களிடம் ட்ரேஸ் (எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போனது என்ற பதிவு) இருக்கிறதா?

கற்றளி:
சோர்ஸ் கோட் எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கிறது. படிக்கத் தெரிந்தவருக்கு ட்ரேஸ் தேவையில்லை.

செவ்வந்தி:
கண்ணால் பார்த்ததாக ஒருவர், சோர்ஸ் படித்ததாக ஒருவர். அளந்தவர் யாரும் இல்லை.

மரப்பாச்சி:
எல்லோரும் இன்னும் டெக்ஸ்ட்வியூவிலேயே இருக்கிறீர்களா? ஆண்ட்ராய்டின் புதிய யூஐ முறையான கம்போஸுக்கு வாருங்கள். வண்ணம், தடிமன் சேர்த்த எழுத்துக்கு அங்கே இருக்கும் அனோட்டேட்டட்ஸ்ட்ரிங் மாற்ற முடியாதது, அதனால் நகல் என்ற பேச்சே கிடையாது. ரிமெம்பருக்குள் (மதிப்பை நினைவில் வைக்கும் ஃபங்ஷன்) போட்டுவிட்டால் ரீகம்போஸ் ஆனாலும் (யூஐ மறுபடி கட்டப்பட்டாலும்) மறுபடி உருவாகாது.

கற்றளி:
கம்போஸ் வந்ததும் எழுத்து தானாக அளந்துகொள்கிறதா? ஆண்ட்ராய்டில் அதன் அடியிலும் அதே ஸ்டாட்டிக்லேஅவுட், அதே போரிங்லேஅவுட், அதே மினிகின்தான். லேசிகாலமில் (கம்போஸின் லிஸ்ட்) வரி வெளியே போனால் அந்த ரிமெம்பரும் கூடவே போய்விடும், திரும்பி வரும்போது மறுபடி கட்டவேண்டும். மாடலில் வைத்தால்தான் நிற்கும்.

மரப்பாச்சி:
டெக்ஸ்ட்மெஷரர் (கம்போஸில் எழுத்தை அளக்கும் கருவி) முடிவுகளைத் தானே கேஷில் வைத்துக்கொள்கிறதே, பிறகென்ன?

கற்றளி:
அதன் கேஷ் அளவு இயல்பாக 8. அதுவும் நீங்களே கேன்வாஸில் எழுத்து வரையும்போது பயன்படுத்துவது. எழுத்து காட்டும் டெக்ஸ்ட் கம்போஸபிள் அந்த வழியாகப் போவதே இல்லை.

மரப்பாச்சி:
8 போதாதென்றால் கூட்டிக்கொள்ளலாமே.

கற்றளி:
கூட்டினாலும் உங்கள் லிஸ்ட்டுக்கு அது உதவாது என்று இப்போதுதான் சொன்னேன்.

மின்விசிறி:
பார்த்தீர்களா, கம்போஸை வடிவமைத்தவர்களே மாற்ற முடியாத ஸ்ட்ரிங்கைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நகல் வேண்டாம் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

கற்றளி:
மாற்ற முடியாததாக வைத்தது நகலுக்காக இல்லை. ஸ்டேட் (திரை காட்டும் டேட்டா) மாறியதா இல்லையா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

கண்ணாடிப்பேழை:
ஐஓஎஸ்ஸில் காப்பி என்றாலே ரிட்டெய்ன்தான் (நகல் எடுக்காமல் அதே ஆப்ஜெக்டைப் பிடித்துக்கொள்வது), மாற்ற முடியாத ஸ்ட்ரிங்குக்கு.

கற்றளி:
ஐஓஎஸ்ஸை இங்கே யாரும் கேட்கவில்லை.

கண்ணாடிப்பேழை:
ஏசிங்க்டிஸ்ப்ளேகிட்டை இங்கே இழுத்துக்கொண்டு வந்தது நீங்கள்தான்.