பீவர் இழை: புதுப்பிப்பு

ஆற்றில் அணை கட்டி வாழும் கொறிவிலங்கான பீவரை பிரிட்டனுக்குத் திரும்பக் கொண்டுவருவது பற்றிய என் பழைய இழையை, ‘வேலிக்குள் விட்டால் அது மறு அறிமுகமா?’ என்ற கேள்வியோடு நிறுத்தியிருந்தேன். இப்போது வேலி போயாச்சு. இங்கிலாந்தில் உரிமம் வாங்கிக்கொண்டு திறந்தவெளியில் விடலாம் என்று 2025 பிப்ரவரியில் அரசு சொன்னது. மார்ச்சிலேயே டார்செட்டின் பர்பெக் பகுதியில் இரண்டு ஜோடிகளை விட்டுவிட்டார்கள். ரோமத்துக்கும் கறிக்கும் வேட்டையாடி, சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து ஒழித்துக்கட்டிய பிராணி!

‘ஆத்துல இருக்கிற மீனையெல்லாம் தின்னுடாதா?’ என்று பலர் கேட்டிருந்தீர்கள். தின்னாது, சுத்த சைவம். வில்லோ மரப்பட்டை, இளங்கிளை, நீர்ச்செடி, அவ்வளவுதான். பல்லில் இரும்பு கலந்திருப்பதால் நல்ல ஆரஞ்சு நிறம். அது கடித்துச் சாய்த்த மரத்தின் அடிக்கட்டை, சீவிய பென்சில் மாதிரி கூராக நிற்கும்.

விவசாயிகளின் கவலை மட்டும் நியாயமானது. ஸ்காட்லாந்தின் டே ஆற்றுப் படுகையில் பீவர் கட்டிய அணைகளால் விளைநிலத்தில் தண்ணீர் ஏறி, உரிமத்தோடு சுட்டுக்கொன்றதும் நடந்தது. அணைக்குள் குழாய் செருகி நீர்மட்டத்தை இறக்கலாம். பிடித்து வேறு ஆற்றுக்கு மாற்றலாம். அந்தச் செலவு யார் தலையில் என்பதில்தான் இனி சண்டை வரும் என்று நினைக்கிறேன்.