சீனி கலந்ததைப் 'பனங்கட்டி' என்று விற்கலாமா?

வலிகாமத்தாள்:
யாழ்ப்பாணத்தில் வீட்டோடு சின்னதாக ஒரு தொழில் செய்கிறேன். மிளகாய்த்தூள், ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி. என்னோடு நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். எனக்குப் பனங்கட்டி தருகிறவர் போன மாதம் நேராகவே சொல்லிவிட்டார்: "தங்கச்சி, இனி முழுக்கக் கருப்பநீரில் (பனையில் இறக்குகிற புளிக்காத இனிப்பு நீர்) காய்ச்சித் தர ஏலாது. பாதிக்குச் சீனி போடுகிறேன், விலையையும் பாதியாக்குகிறேன்."

ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன். வாங்குகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வித்தியாசம் பிடிபடாது. 'சீனி கலந்தது' என்று லேபிளில் போட்டால் யார் வாங்குவார்கள்? போடாமல் விற்க மனமும் கேட்கவில்லை. இப்போது ஒட்டுகிற லேபிளைப் படம் எடுத்துக் கீழே போட்டிருக்கிறேன். நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

சந்தைக்கடை:
போடாதீர்கள். இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர் முதலில் கேட்பது "கிலோ என்ன விலை?" என்றுதான். "எதில் காய்ச்சியது?" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். 2022இல் டீசல் வரிசையில் நின்ற காலத்தில் எத்தனை சின்னக் கடைகள் மூடப்பட்டன என்று கண்ணால் பார்த்தவன் நான். நான்கு வீட்டு அடுப்பு உங்களை நம்பி எரிகிறது. நீதி நியாயம் எல்லாம் சம்பளம் கொடுத்து முடித்த பிறகு பார்க்கலாம், தங்கச்சி.

பனையடிப்பெடியன்:
அப்பா பனை ஏறிப் பாளை சீவுகிற சீவல் தொழிலாளி. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ பனங்கட்டிக்கு ஏழெட்டு லிட்டர் கருப்பநீர் வேண்டும். மரத்தில் கட்டுகிற மண்முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிக் கட்டினால்தான் அது கருப்பநீர், இல்லாவிட்டால் கள். காலையில் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா மரம் ஏற வேண்டும். இறக்கியதை அன்றைக்கே காய்ச்ச வேண்டும். அம்மா மணிக்கணக்காக அடுப்படியில் நின்று கிண்டுவார். அந்த உழைப்புக்கு எவரும் கணக்குப் பார்த்தது கிடையாது. கள் என்றால் இந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை, இறக்கியதும் கையில் காசு. அப்படியிருக்க, கடைக்காரர் சொல்கிற விலைக்கு முழுக் கருப்பநீரில் யார் காய்ச்சுவார்? சந்தைக்கடை அண்ணை, அந்தச் சீனியைப் போடவைத்தது உங்கள் விலைதான்.

சந்தைக்கடை:
விலையை நானா வைக்கிறேன்? நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெளிநாட்டிலிருந்து வந்து குவிகிறார்களே, அவர்களும்தான் அம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறார்கள்.

குளிர்நாட்டான்:
எல்லோரையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். சுத்தமானது என்று நம்பினால் இரண்டு மடங்கு கொடுக்க நான் தயார். நம்புவதற்கு என்ன வழி என்பதுதான் கேள்வி. அதோடு, ஊரிலிருந்து வருகிற பனங்கட்டி ஏன் பிளாஸ்டிக் டப்பாவில் வருகிறது? சின்ன வயதில் குட்டானை, அந்தச் சின்னப் பனையோலைப் பெட்டியை, பிரித்துத்தானே சாப்பிட்டோம்.

சந்தைக்கடை:
குட்டானில் அனுப்பினால் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று படம் எடுத்துப் போடுவதும் நீங்கள்தான்.

ஆய்வுகூடத்து அக்கா:
நம்புவதற்கு வழி கேட்டதால் சொல்கிறேன். உடைத்துப் பார்த்து, உள்ளே மினுங்கினால் சீனி கலந்தது என்று ஊரில் சொல்வார்கள். அதை நம்பி ஒரு முடிவுக்கும் வர முடியாது. பனையின் இனிப்பும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான், வெள்ளைச் சீனியும் சுக்ரோஸ்தான். வீட்டில் வைத்துப் பிரித்தறிவது நடக்காத காரியம். ஆகவே காய்ச்சுகிறவரின் சொல்லைத் தவிர வாங்குகிறவருக்கு வேறு ஆதாரம் இல்லை. அதனால்தான் லேபிளில் பொய் இருக்கக் கூடாது என்கிறேன்.

அப்புறம், வலிகாமத்தாள், உங்கள் லேபிளில் கடைசி வரியைப் பார்த்தேன். 'சீனி வருத்தக்காரருக்கு உகந்தது' என்று இருக்கிறது. கலப்படமே இல்லாத பனங்கட்டி என்றாலும் அது இரத்தத்தில் சீனியை ஏற்றும். என் அம்மாவும் இப்படி ஒரு வரியை நம்பித்தான் தினமும் தேநீரோடு கடித்துக்கொண்டிருந்தார்.

வலிகாமத்தாள்:
அக்கா, வெட்கமாக இருக்கிறது. லேபிள் அடித்த கடைப் பெடியன் "இந்த வரியைப் போடுங்கள், நன்றாகப் போகும்" என்றான். போட்ட பிறகு விற்பனை கூடியதும் உண்மை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிட்டேன். இன்னும் 2,000 லேபிள் கட்டாகக் கிடக்கிறது.

கணக்குப்பிள்ளை:
லேபிள் கிடக்கட்டும். அந்த நான்கு பெண்களுக்கும் ஊழியர் சேமலாப நிதி (EPF) கட்டுகிறீர்களா?

வலிகாமத்தாள்:
இல்லை. கிலோக் கணக்கில்தான் கூலி. நானும் கேட்டுப் பார்த்தேன். எட்டு வீதம் வெட்டினால் கைக்கு வருவது குறையும், வேண்டாம் அக்கா என்றார்கள்.

கணக்குப்பிள்ளை:
அவர்கள் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. கிலோக் கூலியோ நாட்கூலியோ, ஒரே ஒரு ஆளை வைத்திருந்தாலும் கட்டித்தான் ஆக வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். உங்கள் பங்கு சேமலாப நிதிக்கு 12 வீதம், 3,600. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) 3 வீதம், 900. ஆளுக்கு 4,500, நான்கு பேருக்கு 18,000. மாதம் 600 பைக்கட் விற்றால் பைக்கட்டுக்கு 30 ரூபாய் ஏறும். தொழிலே படுத்துவிடுகிற தொகை இது இல்லை. பத்து வருஷம் கழித்து அந்தப் பெண்களில் ஒருவருக்கு முழங்கால் போய்விட்டால், கையில் இருக்கப்போவது இந்தக் காசுதான்.

சந்தைக்கடை:
பனங்கட்டியில் தொடங்கி எங்கே வந்து நிற்கிறோம் பார்த்தீர்களா! இப்படி ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனால் சின்னவன் எவனும் நிமிர மாட்டான். மறைக்காமல் சொல்கிறேன், என் கடையில் மூன்று பேர். இரண்டு பேருக்குக் கட்டுகிறேன், மூன்றாமவனுக்கு இல்லை. கட்டக் கூடாது என்று இல்லை, அந்தந்த மாதம் காசு மிஞ்சுவதில்லை.

குளிர்நாட்டான்:
விலை ஏறினால் வாங்க மாட்டார்கள் என்றுதான் எப்போதும் சொல்கிறீர்கள். பொலித்தீன் பையைச் சும்மா கொடுக்கக் கூடாது என்று 2025 நவம்பரில் சட்டம் வந்ததே, உங்கள் கடைக்கு ஆட்கள் வருவதை நிறுத்திவிட்டார்களா?

சந்தைக்கடை:
நிறுத்தவில்லை. கொஞ்சப் பேர் வீட்டிலிருந்து பை கொண்டுவருகிறார்கள். மற்றவர்கள் பைக் காசுக்கு என்னைத்தான் ஏசுகிறார்கள்.

பனையடிப்பெடியன்:
எங்கள் பக்கத்தையும் மறக்க வேண்டாம். மாரி தொடங்கினால் சீவல் படுத்துவிடும். அந்த நேரம் மொத்த வியாபாரி முற்பணம் தருவார். உதவி மாதிரித்தான் இருக்கும். சீசன் வந்ததும் அவர் சொன்ன விலைக்கு அவருக்கே கொடுக்க வேண்டும். அப்பா மூன்று வருஷம் ஒரே கடனைத்தான் திரும்பத் திரும்பக் கட்டினார்.

வலிகாமத்தாள் அக்கா, உங்களிடம் அடுப்பும் ஆட்களும் இருக்கிறார்கள். பனங்கட்டியாக வாங்குவதை விட்டுவிட்டுக் கருப்பநீராக வாங்குங்கள், லிட்டருக்கு இவ்வளவு என்று அன்றன்றைக்குக் காசு. காய்ச்சுவது நீங்கள் என்றால் சந்தேகத்துக்கே இடம் இல்லை. சங்கத்திலும் ஒருக்கா விசாரியுங்கள், பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம். சில இடங்களில் அவர்களே சேர்த்துத் தருவார்கள். விறகு வாங்காதீர்கள். ஊமலும் (காய்ந்த பனங்கொட்டை ஓடு) காய்ந்த மட்டையும் வளவுக்கு வளவு கிடக்கிறது.

வலிகாமத்தாள்:
இரண்டு நாளாக யோசித்தேன். இந்த சீசனில் கிழமைக்கு மூன்று நாள் கருப்பநீர் எடுக்கிறேன். ஒருவரிடம் பேசிவிட்டேன். அதைக் குட்டானில், கிடைக்கிற அளவுக்கு மட்டும், முழு விலைக்கு. மிச்சம் 'சீனி கலந்த பனங்கட்டி' என்று பெரிய எழுத்தில். பழைய லேபிள்களின் கடைசி வரியைப் பிள்ளைகள் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். லேபிள் கொஞ்சம் கோணலாகத்தான் வருகிறது.

சேமலாப நிதியை இப்போதைக்கு இரண்டு பேருக்குத் தொடங்குகிறேன்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேருக்கு மட்டும் என்று ஒரு கணக்கு இல்லை.

வலிகாமத்தாள்:
தெரியும் அண்ணை. மற்ற இரண்டு பேருக்கும் சித்திரைக்குள். மிளகாய்த்தூளில் விலை ஏற்றப்போகிறேன்.

சந்தைக்கடை:
சரி, தங்கச்சி. சீனி கலந்ததில் பத்துக் கிலோ என் கடைக்கு அனுப்புங்கள். லேபிளோடுதான். போகிறதா என்று பார்ப்போம்.

வலிகாமத்தாள்:
அனுப்புகிறேன் அண்ணை. கைக்காசா, கடனா?

சந்தைக்கடை:
கடன்தான்.