கான்ட்ராஸ்ட்டுக்கு 'மாறுபாடு' போதுமா? ஃபிலிம் கழுவுவோருக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

கான்ட்ராஸ்ட்டுக்கு 'மாறுபாடு' என்றே வைத்துக்கொள்ளலாம், கணினித் திரையில் அது பழகிவிட்டது என்று போன மடலில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். திரைக்குச் சரி. வீட்டில் கறுப்பு-வெள்ளை ஃபிலிம் கழுவுகிறவருக்கு, அதாவது டெவலப் செய்கிறவருக்கு, அது போதாது. அவர் முன்னால் இருப்பவை இரண்டு கான்ட்ராஸ்ட். காட்சியில் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளி ஒன்று. அதை வெயில் தீர்மானிக்கிறது. அந்த இடைவெளியை ஃபிலிம் எவ்வளவு கருமை வித்தியாசமாக மாற்றித் தருகிறது என்பது மற்றொன்று. அது ஃபிலிம் கழுவும் தொட்டிக்குள், நம் கையால் நடப்பது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் "மாறுபாடு அதிகமாக இருந்ததால் மாறுபாட்டைக் குறைத்தேன்" என்றுதான் எழுத வேண்டிவரும்.

கோயில் மண்டபத்துக்குள் நின்று, இருண்ட தூண்களோடு வெளியே உச்சிவெயிலில் கிடக்கும் முற்றத்தையும் சேர்த்து எடுக்கிறோம் என்று வையுங்கள். ஃபிலிம் இல்ஃபோர்டு நிறுவனத்தின் எச்பி5 பிளஸ். ஐடி-11 என்ற கழுவும் மருந்தில் (டெவலப்பர்), நீர் சேர்க்காமல், 20 டிகிரியில் ஏழரை நிமிடம் என்பது இல்ஃபோர்டு தரும் கணக்கு. அப்படியே கழுவினால் முற்றம் நெகட்டிவில் திட்டாகக் கறுத்துவிடும், பிரிண்டில் வெறும் வெள்ளை. தூணின் நிழலுக்கு வேண்டிய ஒளியைக் கொடுத்து எடுத்துவிட்டு, கழுவுவதை 6 நிமிடத்தில் நிறுத்திப் பாருங்கள். முற்றத்துக் கல் பாவிய கோடுகள் தெரியத் தொடங்கும். தூணுக்குப் பெரிய சேதம் இருக்காது. ஒளி குறைவாகப் பட்ட இடத்தில் உருத்துலங்க வேண்டிய வெள்ளி உப்புத் துகள்கள் கொஞ்சம்தான், அவை சீக்கிரமே முடிந்துவிடும். வெயில் பட்ட இடத்தில் துகள்கள் ஏராளம். நேரம் கொடுக்கக் கொடுக்கக் கறுத்துக்கொண்டே போகும்.

இதை 1890இல் ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இருவர் வரைபடமாகவே போட்டுக் காட்டிவிட்டார்கள். கிடையில் ஒளியளவின் மடக்கை, நெடுக்கில் கருமை. நடுவே நேராக ஓடும் பகுதியின் சாய்வுதான் காமா. அதிக நேரம் கழுவினால் கோடு செங்குத்தாகும், குறைத்தால் படுக்கும். பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் அதே சாய்வு. ஆகவே என் முன்மொழிவு: காட்சியில் இருப்பது ஒளியிடைவெளி, ஃபிலிமில் நாம் உண்டாக்குவது கருமைச்சாய்வு.

ஃபிலிமின் கான்ட்ராஸ்ட்டுக்கு 'கருமையேற்றம்' என்றொரு சொல்லும் மடலில் வந்திருந்தது. காதுக்கு இனிமையாக இருக்கிறது, ஆனால் நெகட்டிவ் முழுக்கக் கறுப்பதாகப் பொருள் படும். ஒளி அதிகமாகிப்போனால் நடப்பது அது. அதற்கும் சாய்வுக்கும் தொடர்பில்லை. 'அடர்த்திச் சாய்வு' வேண்டாம், அடர்த்தி என்றாலே மாணவர்கள் நிறையை கன அளவால் வகுக்கப் போய்விடுவார்கள்.

அப்புறம், வினைச்சொல். நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் 'ஃபிலிம் கழுவுவது' என்றுதான் சொல்லி வந்தார்கள். அதைக் கைவிட எனக்கு மனமில்லை. கடைசியில் தண்ணீரில் கழுவுவதோடு குழம்பாதா என்றால், அதற்கு 'அலசுதல்' இருக்கிறதே. துணி துவைக்கிற எல்லாருக்கும் இந்த வித்தியாசம் தெரியும். அந்த வழியில், சாய்வைக் கூட்டினால் ஏற்றிக் கழுவுதல், குறைத்தால் தணித்துக் கழுவுதல்.

'குறைநேரக் கழுவல்' என்ற சொல்லை நான் ஏற்காததற்குக் காரணம், தணிக்க நேரம் ஒன்றே வழியல்ல. மருந்தை நீர்க்கச் செய்யலாம். தொட்டியைக் கவிழ்த்து நிமிர்த்துவதைக் குறைக்கலாம்: நிமிடத்துக்கு ஒருமுறை 10 விநாடியில் நான்கு தடவை என்பது வழக்கம், அதைக் குறைத்தால் வெளிச்சப் பகுதியில் மருந்து அங்கேயே தீர்ந்து வேகம் தளரும், நிழலில் வேலை நடந்துகொண்டிருக்கும். நம் வெயில் காலத்தில் இது வெறும் சொல் பிரச்சினையும் அல்ல. குழாய்த் தண்ணீரே 30 டிகிரியில் வரும்போது நேரம் ஏற்கெனவே சுருங்கிவிடும். அதிலும் குறைத்து 5 நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத் திட்டாக விழும். பனிக்கட்டி போட்ட வாளியில் மருந்தை 20க்கு இறக்கி, ஒன்றுக்கு ஒன்று நீர் சேர்த்தால் எச்பி5க்கு 13 நிமிடம் கிடைக்கும். அதிலிருந்து பத்தரைக்கு இறங்குவது நிம்மதியான வேலை.

ஒரு எச்சரிக்கை. ஐஎஸ்ஓ 400 வேகமுள்ள ஃபிலிமைக் கேமராவில் 1600 என்று வைத்து, குறைவான ஒளி கொடுத்து எடுத்து, ஐடி-11இல் 14 நிமிடம் கழுவுவதையும் 'ஏற்றிக் கழுவுதல்' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அங்கே ஒளி குறைந்ததால் நிழல் விவரம் எடுக்கும்போதே போய்விட்டது, எவ்வளவு ஏற்றினாலும் திரும்பாது. மங்கலான நாளில் சரியான ஒளி கொடுத்து ஏற்றிக் கழுவுவது வேறு. முந்தையதை 'குறையொளியில் எடுத்து ஏற்றிக் கழுவுதல்' என்று நீட்டியே எழுதலாம், சுருக்கம் தேவையில்லை.

மேலே சொன்ன வரைபடத்தில் நேர்ப்பகுதிக்கு இரு புறமும் கோடு வளையும் முனைகளுக்கு (ஆங்கிலத்தில் டோ, ஷோல்டர்) அடிவளைவு, மேல்வளைவு என்று எழுதி வருகிறேன். 'மேல்வளைவு' எனக்கே முழுத் திருப்தி தரவில்லை. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.