கையில டாட்டூ இருந்தா நர்ஸ் வேலைக்கு சிக்கலா?

சின்னப்பறவை: கோர்ஸ் முடிய இன்னும் ரெண்டு மாசம்தான். வலது கை மணிக்கட்டுக்கு மேல ஒரு பறவை டாட்டூ, மூக்குல ஸ்டட், காது மேல்மடல்ல போன மாசம்தான் குத்தினேன். வார்டுல ஒரு சிஸ்டர் எல்லார் முன்னாடியும் "இப்படி இருந்தா பேஷன்ட் உன்ன நம்பி எப்படிம்மா கைய நீட்டுவாங்க"ன்னு கேட்டுட்டாங்க, அதுலேர்ந்து க்ரேப் பேண்டேஜ் சுத்திக்கிட்டேதான் டியூட்டி பாக்குறேன். இன்டர்வியூக்கும் அப்படியே போகவா இல்ல லேசர்ல அழிச்சிடவா? மூக்குல இருக்கறத யாரும் ஒண்ணும் சொல்லல, அதான் புரியல.

இன்ஃபெக்ஷன்_கன்ட்ரோல்_அக்கா: முதல்ல அந்த பேண்டேஜ கழட்டும்மா. ஆறின டாட்டூ வெறும் தோல்தான், மை தோலோட உள் அடுக்குல இருக்கு, கை கழுவ அது ஒரு தடையே இல்ல. நீ சுத்தியிருக்கற துணிதான் ஒவ்வொரு பெட்லயும் உரசிட்டு அடுத்த பெட்டுக்கு போகும். இங்கிலாந்துல 2007லயே முழங்கைக்கு கீழ வாட்ச், முழுக்கை சட்டை எதுவும் வேண்டாம்னு சொன்னது இதுக்குத்தான். சோப்னா 40-60 செகண்ட், ஹேண்ட் ரப்னா, அதான் ஆல்கஹால் கலந்த திரவம், 20-30 செகண்ட், பேண்டேஜோட எப்படி தேய்ப்ப? எனக்கு கவலை உன் காதுதான். குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கம்மி, ஆற பல மாசம் ஆகும், மாஸ்க் கயிறு வேற தினமும் அங்கதான் உரசும். சூடோமோனாஸ்ங்கற பாக்டீரியா புடிச்சா காது மடலே சுருங்கிடலாம். அந்த சிஸ்டர் கேக்க வேண்டியது இதத்தான், பறவைய இல்ல.

நைட்_டியூட்டி: எனக்கு ரெண்டு கையிலயும் இருக்கு, வேலை கிடைச்சுது. ஆனா காதுல வளையம் போட்டுட்டு போய் ஒரு நாள் நல்லா மாட்டினேன், ஆபரேஷன் முடிஞ்சு மயக்கம் தெளியுற பெரியவர ஒருக்களிச்சு படுக்க வைக்க குனிஞ்சேன், கப்புனு வளையத்த புடிச்சிட்டார், விரல ஒவ்வொண்ணா பிரிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு. அதுலேர்ந்து தொங்கறது எதுவும் கிடையாது. லேசர் இப்ப வேணாம், பல சிட்டிங் ஆகும், நடுவுல பல வாரம் கேப் விடுவாங்க, கொப்புளம் வந்தா பேஷன்ட தொடவே முடியாது. ட்ரெஸ் கோட் என்னன்னு இன்டர்வியூக்கு முன்னாடியே கேட்டுக்கோ.

பெட்_பக்கத்து_சேர்: நான் நர்ஸ் இல்லங்க, அம்மாவோட வார்டுல இருந்தவன். அவங்களுக்கு கண்பார்வை மங்கல், ஒரு சிஸ்டர் கையில இருந்த டாட்டூவ அடிபட்ட ரத்தக்கட்டுன்னே நினைச்சு "யாரும்மா அடிச்சாங்க"ன்னு தினமும் கேப்பாங்க, அந்தப் பொண்ணும் தினமும் சலிக்காம பதில் சொல்லும். எனக்கு கை பிரச்சனை இல்ல, ஆனா கழுத்துல மண்டை ஓடு வரைஞ்சவர் ராத்திரி லைட்ட போட்டதும் அம்மா அலறிட்டாங்க. அதுக்கு அம்மாவ பழமைவாதின்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன், படுத்துக் கிடக்கறவங்களுக்கு விளக்கம் கேக்க தெம்பு இருக்காது.

சின்னப்பறவை: பேண்டேஜ் குப்பைக்கு போயாச்சு அக்கா. காது மடல் ரெண்டு நாளா சிவந்து சூடாத்தான் இருக்கு, மாஸ்க்னாலதான்னு விட்டுட்டேன். இன்னிக்கே காட்டிட்டு வரேன்.