ராணுவத் தளவாட வேலை தேடியபோது நேர்ந்தவை

குலசேகரத்திலிருந்து:

அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். பீரங்கியும் துப்பாக்கியும் செய்கிற தொழிற்சாலையில் சேர வேண்டும் என்பது படிக்கும்போதே வந்த ஆசை.

வேலைவாய்ப்புத் தளங்களில் 'பாதுகாப்பு வேலை' என்று தேடினால் வந்து விழுவதெல்லாம் காவலாளி வேலைதான். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் அல்லவா? நிறுவனத்தின் பெயரையும் தொழிற்பிரிவையும் சேர்த்துத் தேடிய பிறகுதான் உருப்படியாக ஏதாவது கிடைத்தது.

அப்படி ஒரு தளத்தில் என் விவரங்களைப் பதிவேற்றிய பத்தாம் நாள் அழைப்பு வந்தது. மறுநாளே நியமனக் கடிதம். தலைப்பில் சிங்க முத்திரை. அதன் கீழே 'சத்யமேவ ஜயதே' இல்லை. என் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில், சற்றுச் சாய்ந்து நின்றது. போலீஸ் சரிபார்ப்புக்கு 8,500 ரூபாய் கட்டச் சொல்லி ஒரு தனிநபரின் கணக்கு எண் கொடுத்திருந்தார்கள். அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிட்டாள்.

பக்கத்து வீட்டுப் பட்டாளத்து மாமாதான் தடுத்தார். "விளம்பர எண் எங்கே, மக்களே?" என்று கேட்டார். வேலை அறிவிப்புக்கு நிறுவனம் கொடுக்கும் எண் அது. கடிதத்தில் இல்லை. அனுப்பியவர் இடத்தில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் என்று இருந்தது. மாமா விரலை அதிலேயே வைத்துக்கொண்டு, அந்த வாரியம் 2021 அக்டோபர் 1 அன்றே கலைக்கப்பட்டு, அதன் 41 தொழிற்சாலைகளும் 7 நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன என்றார். ஆவடி டேங்க் தொழிற்சாலை ஒரு நிறுவனத்தில், திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை இன்னொன்றில், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை வேறொன்றில். இல்லாத வாரியம் எனக்கு வேலை கொடுத்திருக்கிறது! அன்று மாலையே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் புகார் சொன்னோம். அம்மா சங்கிலியை மறுபடி போட்டுக்கொண்டாள்.

பணம் கேட்டாலே மோசடி என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். பி.இ. படித்த என் அக்கா, ராணுவத்துக்கு மின்னணுக் கருவிகள் செய்யும் அரசு நிறுவனமான பாரத் எலக்ட்ரானிக்ஸில் பயிற்சிப் பொறியாளர் பணிக்கு விண்ணப்பித்தபோது 177 ரூபாய் கட்டினாள்: கட்டணம் 150, மீதி ஜிஎஸ்டி. ஆனால் அது விளம்பரத்திலேயே அச்சாகியிருந்தது. நிறுவனத்தின் பெயரிலேயே வங்கி வழியாகப் போனது.

தக்கலையிலிருந்து:

என் தம்பிக்கு நேர்ந்தது வேறு. அவன் படைக்கலத் தொழிற்சாலை ஒன்றில் அப்ரண்டிஸ் முடித்தவன். பிரிவு ஏஓசிபி, அதாவது வேதியியல் ஆலை இயக்குபவர். வெடிமருந்துக் கட்டடங்களில் ஒப்பந்தப் பணிக்கு இந்தப் பிரிவில் பயின்றவர்களைத்தான் எடுக்கிறார்கள். ஒரு தளத்தில் அந்த அறிவிப்பைப் பார்த்தான், 'விண்ணப்பிக்க' என்ற பொத்தானை அழுத்தினான், எல்லாம் நிரப்பினான், முடிந்தது என்று நினைத்துவிட்டான். அசல் அறிவிப்பில் தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நான் எடுத்துப் படித்தபோது கடைசித் தேதி தாண்டி நான்கு நாள் ஆகியிருந்தது. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான், பாவம்.

குலசேகரத்திலிருந்து:

தக்கலை அக்கா, தம்பியிடம் சொல்லுங்கள்: அந்தத் தளங்களில் தகவலை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். விளம்பர எண்ணைக் குறித்துக்கொண்டு நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அதே எண்ணைத் தேடி, அறிவிப்பை முழுக்கப் படிக்கட்டும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். போன வாரம் ஒரு விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்பினேன். ரசீது அம்மாவின் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.