ரோட்டரி எஞ்சினில் ஆயில் அடிட்டிவ் ஊற்றலாமா?

வணக்கம் நண்பர்களே. மெல்பர்னில் 2005 மாடல் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஓட்டுகிறேன். பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின் கார் இது. எஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் பிடிக்கிறது. ஆறிவிட்டால் உடனே கிளம்பிவிடும். ஆயில் மாற்றும்போது உராய்வைக் குறைக்கும் அடிட்டிவ் ஒரு டப்பா சேர்த்தால் கம்ப்ரஷன் (எரியும் அறைக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) கூடும் என்கிறார் மெக்கானிக்.

என் தயக்கம் இதுதான். பிஸ்டன் எஞ்சினில் ஆயில் தன் வழியில் சுற்றிக்கொண்டிருக்கும், எரிவது கொஞ்சம்தான். ரோட்டரியில் மீட்டரிங் பம்ப் அதே ஆயிலைச் சொட்டுச் சொட்டாக எடுத்து எரியும் அறைக்குள்ளேயே விடுகிறது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் அழுத்தம் கசியாமல் அடைக்கும் ஏபெக்ஸ் சீல்கள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. ஆக, ஆயிலில் எதைக் கலந்தாலும் அது பெட்ரோலோடு சேர்ந்து எரியத்தான் போகிறது. பிஸ்டன் எஞ்சினை மனதில் வைத்துச் செய்த டெஃப்ளான், மாலிப்டினம், துத்தநாகச் சரக்கெல்லாம் எரிந்து சாம்பலாகி, சீல் பள்ளத்தில் படிந்து சீல் இறுகிக்கொண்டால்? உள்ள கம்ப்ரஷனும் போய்விடும். அப்புறம் பிளக், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கவலை வேறு.

தேய்ந்த சீலை எந்த டப்பாவும் வளர்த்துத் தராது என்றே நினைக்கிறேன். ஸ்டார்ட்டர் மோட்டார் சோர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

அடிட்டிவ் ஊற்றி நெடுநாள் ஓட்டி, பிறகு எஞ்சினைப் பிரித்துப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உள்ளே எப்படி இருந்தது? அதைவிடப் பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலப்பது மேலா? கலப்பவர்கள் லிட்டருக்கு எத்தனை மில்லி விடுகிறீர்கள், சாம்பல் குறைந்த ரகம் எது என்று சொல்லுங்கள். ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாக அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்டர் உள்ள கடை இங்கே பக்கத்தில் தெரிந்தாலும் சொல்லுங்கள், முதலில் அங்கே போய் அளந்துவிடுகிறேன்.