கடலோரக் குன்றில் தனியாக ஏறலாமா?

கேள்வி: கடலை ஒட்டி ஒரு சின்னக் குன்று, 100 மீட்டர் உயரம்தான் இருக்கும், ஆனால் அடிவாரத்துக்கே மணலில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும், ஆள் நடமாட்டமும் கிடையாது. தனியாகப் போக ஆசை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில் 1: முதலில் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரம், பாருங்கள். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம், அதனால் நேற்றைய நேரம் இன்று பொருந்தாது. நான் இறங்கி வந்தபோது, காலையில் என் காலடித்தடம் பதிந்த மணல் முழுக்கத் தண்ணீர். மூன்று மணி நேரம் பாறையிலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் திரும்பும் நேரத்தைச் சொல்லாமல் போகாதீர்கள்.

பதில் 2: காலையிலேயே ஏறிவிடுங்கள். வெயில் ஏற ஏறத் தரை கடலைவிட வேகமாகச் சூடாகும், மதியத்துக்கு மேல் கடற்காற்று வலுக்கும், உச்சியில் அது இன்னும் வேகமாக அடிக்கும். அப்புறம், விளிம்புக்குப் போகவே வேண்டாம். மேலே புல் பசுமையாகத் தெரியும், அடியில் மண் அரித்துப்போய் வெறும் இடமாக இருக்கும்.

பதில் 3: இறங்கும்போதுதான் கால் வழுக்கும், சரளைக்கல்லில் பக்கவாட்டாக அடி வையுங்கள். ஆனால் கட்டாயம் போங்கள்! 100 மீட்டர் உயரத்திலிருந்து தொடுவானம் ஏறக்குறைய 36 கிலோமீட்டர் தள்ளி இருக்கும், கரையில் நின்றால் 5கூட வராது. உதட்டில் உப்புக் கரிக்க அங்கே உட்கார்ந்திருப்பதே தனி சுகம்.

கேட்டவர்: நன்றி. ஓத நேரம் பார்த்துவிட்டேன், ஞாயிறு விடியலில் கிளம்புகிறேன்.